காலி நாற்காலிக்குத் தலையாட்டுதல்

"கொஞ்சம் இடது பக்கம் மேடம்" என்றது காதுக்குள் இருந்த குரல். மங்கையர்க்கரசி இடது பக்கம் திரும்பி, எதிரே இருந்த காலி நாற்காலியைப் பார்த்து, அது ஏதோ மனசைத் தொடும்படி சொல்லிவிட்டதுபோல மெல்லத் தலையாட்டினாள். இதற்கு ரியாக்‌ஷன் எடுப்பது என்று பெயர். விருந்தினர் பேசும்போது இரண்டு கேமராவும் அவர் முகத்திலேயே கிடக்கும். மூன்றாவது கேமராவுக்கு வாடகை கொடுக்க சேனலுக்கு மனசு வராமல் போய் வெகுகாலம் ஆகிறது. அதனால் விருந்தினர் பேசி முடித்து, மைக்கைக் கழற்றிக் கொடுத்து, போர்த்திய சால்வையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போன பிறகு கேமராவைத் திருப்பிப் போட்டு, அவர் பேச்சைக் கேட்டபோது மங்கையின் முகம் எப்படி இருந்திருக்க வேண்டுமோ அப்படி இருக்கச் சொல்லிப் படம் பிடிப்பார்கள். சிரிப்பு கொஞ்சம், வியப்பு கொஞ்சம், கண்ணில் நீர் தளும்பியும் தளும்பாமலும் கொஞ்சம். வெட்டி வெட்டி இடையில் சொருகிவிட்டால் போதும், மங்கை மாதிரி காது கொடுத்துக் கேட்க ஆள் கிடையாது என்று ஊரே சொல்லும். சொல்லிக்கொண்டும் இருக்கிறது. 'முகம் பார்த்து' என்ற இந்த நிகழ்ச்சி எத்தனையோ நெடுந்தொடர்களைக் குழியில் இறக்கிவிட்டு இன்னும் ஓடுகிறது என்றால், அது கேள்வியால் இல்லை, இந்தத் தலையாட்டலால்தான் என்று அவளுக்கே தெரியும். கேள்வியை யார் வேண்டுமானாலும் எழுதிக் கொடுப்பார்கள். தலையை அவள்தானே ஆட்ட வேண்டும்.

"சூப்பர் மேடம். முதல் ரெண்டு செக்மென்ட்டும் ஓவர். லைட்டுல ஒண்ணு மினுக்குது, மாத்திட்டு வந்துடறாங்க, அப்படியே இருங்க" என்றாள் ஹெலன். ஹெலன்தான் இயக்குநர். மாடியில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருப்பவள். வருஷக்கணக்காக மங்கையின் வலது காதுக்குள் குடியிருக்கிற அந்தக் குரலை மங்கை தன் தங்கை குரலைவிட அதிகம் கேட்டிருப்பாள். அப்படியே இரு என்றால் இருக்கத்தான் வேண்டும். எழுந்தால் புடவை மடிப்புக் கலையும், அப்புறம் முதல் செக்மென்டில் ஒரு மடிப்பு, மூன்றாவதில் ஒரு மடிப்பு என்று யாராவது இணையத்தில் வட்டம் போட்டுக் காட்டுவார்கள். அரக்குக் கரை போட்ட மஞ்சள் சுங்குடி. காலையில் பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு அரைமணி நேரம் நின்று இதை எடுத்தாள். எதற்கு என்று கேட்டால் சொல்லமாட்டாள். ஸ்பான்சர் சீயக்காய்த்தூள் டப்பாவும் மஞ்சள் என்பாள். பொய். ஒருகாலத்தில் இதே மாதிரி ஒரு சுங்குடி அவளிடம் இருந்தது, அதைக் கட்டிக்கொண்டு வானொலி நிலையத்துக்கு வந்த நாளெல்லாம் செழியன் ஒன்றுமே சொல்லாமல் காதுமடல் சிவக்க உட்கார்ந்திருப்பான், அவ்வளவுதான் விஷயம். ஐம்பது தாண்டிய பெண்ணுக்கு இது என்ன கூத்து என்று அவளே தன்னைத் திட்டிக்கொண்டாள். திட்டிக்கொண்டே கட்டிக்கொண்டாள். இன்றைக்கு விருந்தினராக அவன் வந்தான், உட்கார்ந்தான், புடவையைப் பார்த்த மாதிரியே தெரியவில்லை. காது சிவந்ததா என்று பார்க்க அவளுக்கும் தைரியம் வரவில்லை. மேக்கப் போடுகிறவர் வேறு அவன் காதுவரை பவுடர் அப்பியிருந்தார்.

டாக்டர் பொற்செழியன். யானை மருத்துவர். போன மாதம் சேற்றுப் பள்ளத்தில் விழுந்த ஒரு தாய் யானைக்கு விடிய விடியப் பள்ளத்துக்குள்ளேயே உட்கார்ந்து வைத்தியம் பார்த்தவர் என்று எல்லாச் செய்தியிலும் அவன் முகம் வந்தது. நரைத்து, கருத்து, கன்னம் ஒட்டி, ஆனால் சிரிக்கும்போது அதே இடது பக்கக் கோணல். எந்தச் சேனலுக்கும் பேட்டி கொடுக்காதவர், நம்மிடம் மட்டும் சரி என்று சொல்லிவிட்டார் என்று ஆள் பிடிக்கிற பிரிவில் குதித்தார்கள். மங்கை ஒன்றும் குதிக்கவில்லை, அப்படியா, நல்லது என்றாள். அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. எல்லாருக்கும் மாட்டேன் என்றவன் இங்கே மட்டும் ஏன் சரி என்றான்? சும்மாதான் இருக்கும், பழைய பழக்கம், முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லத் தெரியாது அவனுக்கு. முடியும் என்றும் சொல்லத் தெரியாதே, அதுதானே பிரச்சினையே. அவனைப் பற்றிக் கொடுத்த குறிப்பில் 'தாமதமாகத் திருமணம், மனைவி பள்ளி ஆசிரியை, ஒரு பெண் குழந்தை' என்று இருந்தது. அதை அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். மனைவி என்ற வார்த்தை குத்தியது சரி, குத்தட்டும். தாமதமாக என்ற வார்த்தை எதற்காக இப்படி உள்ளே இறங்கியது என்றுதான் அவளுக்குப் புரியவில்லை. இன்றைக்கு நிகழ்ச்சியில் அதைக்கூடக் கேட்டாள், சிரித்துக்கொண்டே, ஏன் டாக்டர் அவ்வளவு லேட் என்று. "ஒரு வேலை பாக்கி இருந்துச்சு மேடம்" என்றான். மேடமாம். உலகத்திலேயே அவளை அரசி என்று கூப்பிட்ட ஒரே ஆள். வீட்டில் மங்கா, வெளியில் மங்கை, பள்ளிக்கூடத்தில் முழுநீளப் பெயர். அந்தப் பெயரின் பின்பாதி தனக்கு என்று எடுத்துக்கொண்டவன் அவன் ஒருத்தன்தான். அவன் போனபின் அந்தப் பாதி யாருக்கும் பயன்படாமல் சும்மா கிடக்கிறது.

வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டானா? இதுதான் அவளுக்குக் குறை. இத்தனை வருஷமாக, பல் தேய்க்கும்போது, சிக்னலில் கார் நிற்கும்போது, ஏதோ ஒரு நடிகர் தன் காதல் கதையைச் சொல்லி அழும்போது, இந்த ஒரே கேள்வியில்தான் மனசு போய் இடிக்கும். ஒரு வார்த்தை கேட்டிருந்தால். அப்போது அவன் கால்நடை மருத்துவம் கடைசி வருஷம், வானொலியில் மாட்டுக்குக் கோமாரி வந்தால் என்ன செய்வது என்று பேச வருவான். அவள் அங்கே தற்காலிக அறிவிப்பாளர். ஒலிப்பதிவு முடிந்தால் கேன்டீன். அவன் வாழைக்காய் பஜ்ஜியில் மாவை மட்டும் பிய்த்துத் தின்றுவிட்டு வாழைக்காயை அவள் தட்டில் வைப்பான், அவள் தன் மாவை அவனுக்குக் கொடுப்பாள், கல்யாணம் ஆனவர்கள் கெட்டார்கள். கடைசியாகப் பார்த்ததும் அங்கேதான். அவளுக்குத் தொலைக்காட்சியில் வேலை கிடைத்திருந்தது, அவனுக்கு மலையில் யானை முகாமில் வேலை. அன்றைக்கு மத்தியானம்தான் அவளுடைய முதல் நிகழ்ச்சி ஒளிபரப்பாகிற நாள், கேன்டீன் சுவரில் ஒரு டிவி உயரத்தில் ஆணி அடித்து வைத்திருந்தார்கள், அவன் முதுகுக்குப் பின்னால். திடீரென்று அதில் அவளே வந்தாள். இரட்டைச் சடையும் கோணல் வகிடுமாக, யாரோ ஒரு நெசவாளரிடம் கேள்வி கேட்டுக்கொண்டு. தன் முகத்தை அப்படி முதல்முதலாகப் பார்த்தபோது அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. நன்றாகத்தான் தலையாட்டுகிறேன் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது, திரையில் அவள் தலையாட்டத் தலையாட்ட இங்கேயும் ஆட்டிக்கொண்டிருந்தாள். திரையிலிருந்து கண்ணை எடுத்துப் பார்த்தால் அவன் டீயைக் குடித்து முடித்திருந்தான். முகம் பளபளவென்று இருந்தது. "அப்ப நான் வரேன் அரசி" என்றான். அவ்வளவுதான். சந்தோஷமாகப் போனான், அதுதான் அவளுக்கு ஆறவே இல்லை. விட்டுவிட்டுப் போகிறவனுக்கு அவ்வளவு என்ன சந்தோஷம்? சரி, போனால் போகிறான், கேட்காதவனிடம் போய் நிற்க நான் என்ன இளப்பமா என்று இருந்துவிட்டாள். வந்த வரன்களையெல்லாம் வேலையைக் காட்டித் தள்ளிவிட்டாள். வேலையும் நன்றாகத்தான் வளர்ந்தது. பொங்கல் சிறப்பு, தீபாவளி சிறப்பு, அப்புறம் தனி நிகழ்ச்சி, அவள் முகம் போட்ட பேருந்து நிறுத்தம். அந்தப் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறவர்கள் எல்லாரும் யாருக்காகவோ காத்திருந்தார்கள், அவளும் அவர்கள் தலைக்குமேல் சிரித்துக்கொண்டு காத்திருந்தாள். யாருக்காக என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் அடித்திருப்பாள்.

முஸ்தபா ஏணியை இழுத்துக்கொண்டு போனான். தளத்தைப் பார்த்துக்கொள்கிறவன், வேலையில் கெட்டி, வாய் ஓயாதவன், இன்றைக்கு என்னவோ வாயைத் திறக்கவில்லை. மூன்றாவது செக்மென்ட் முடிந்ததிலிருந்தே அவள் முகத்தைப் பார்க்காமல் திரிகிறான். கேட்காமலேயே ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "குடிங்கக்கா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தான். அக்காவாம், தளத்தில் மேடம் என்றுதான் கூப்பிடுவான். எங்கிருந்தோ வெங்காயம் நறுக்குகிற வாசனை வந்தது. அடுத்து இதே தளத்தில் சமையல் நிகழ்ச்சி, அவர்கள் கதவுக்கு வெளியே அடுப்பும் சிலிண்டருமாக வந்து நின்றுவிட்டார்கள். அவன் இந்நேரம் ஸ்டேஷனுக்குப் போய்க்கொண்டிருப்பான். "ரயிலுக்கு நேரமாச்சு, வரேன் மேடம்" என்று கும்பிட்டுவிட்டுப் போனவன், கையில் மகளுக்கு வாங்கின ஏதோ ஒரு பொம்மைப் பெட்டி. போகட்டும். அவளை இப்போது குடைவது அவன் போனது இல்லை. அவன் சொன்னது. அவன் என்ன சொன்னான்?

மூன்றாவது செக்மென்டில் எல்லா விருந்தினரிடமும் கேட்கிற கேள்விதான். யாரிடமாவது கேட்கணும்னு நினைச்சுக் கேட்காமலே விட்ட கேள்வி என்ன? இதற்குத்தான் எல்லாரும் உடைவார்கள். செத்துப்போன அப்பாவை நினைத்து, பேசாமல் போன அண்ணனை நினைத்து. அவனிடமும் கேட்டாள், தன் குரல் ஒரு நூல் நடுங்கியது அவளுக்கு மட்டும் தெரிந்தது. அவன் கையைப் பார்த்தான். மேலே பார்த்தான். பேச ஆரம்பித்தான். அந்த நேரம் பார்த்து ஹெலன் காதுக்குள், "மேடம், போன செக்மென்ட்ல ஸ்பான்சர் பேரு விட்டுட்டோம், அவங்க ஆள் இங்கயே உக்காந்திருக்காரு, பிரேக்குக்குப் போறப்போ பூங்கொடி சீயக்காய்த்தூள் வழங்கும்னு ரெண்டு தடவை சொல்லிருங்க, பழைய கூந்தல் வரி வேண்டாம், புது வரி நான் சொல்றேன், அதையே சொல்லுங்க" என்று ஆரம்பித்தாள். அவள் கேட்டாள். சீயக்காயைக் கேட்டாள். வெளியே முகத்தை அவனுக்குக் கொடுத்துவிட்டு உள்ளே காதை ஹெலனுக்குக் கொடுப்பது அவளுக்குக் கைவந்த வித்தை, எத்தனையோ மந்திரிகள்கூடக் கண்டுபிடித்ததில்லை. தங்கை தெய்வானைதான் ஒருதரம் கண்டுபிடித்தாள், தன் வீட்டுக்காரர் குடியைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தி, "அக்கா, என்கிட்ட அந்த டிவி மூஞ்சிய வெக்காத" என்றாள். புது வரியை மனப்பாடம் பண்ணிக்கொண்டு திரும்பி வந்தால் எதிரே அவன் நிறுத்தியிருந்தான். பதிலுக்குக் காத்திருக்கிற முகம். வாய் லேசாகத் திறந்து. அவள் கண்ணில் நீர் வரவழைத்துக்கொண்டு தலையாட்டினாள். "எவ்வளவு பெரிய விஷயத்தை எவ்வளவு எளிமையா சொல்லிட்டீங்க!" என்றாள். எதற்கும் பொருந்தும் வரி, கைவசம் எப்போதும் இருப்பது. அப்போது அவன் சிரித்தான். அந்தச் சிரிப்புதான். வாய்க்குள்ளேயே சிரித்து, "சரி மேடம்" என்றான். எதற்குச் சரி? எது சரி?

யானையைப் பற்றித்தான் ஏதாவது சொல்லியிருப்பான். வேறென்ன சொல்லப்போகிறான். முதல் செக்மென்டில் சொன்னானே, "யானை தலையாட்டினா சரின்னு அர்த்தம் இல்ல மேடம், காட்டு யானை அப்படிச் சும்மா ஆட்டாது, ரொம்ப நாள் கட்டிப்போட்டதுதான் நின்ன இடத்துல ஆட்டிக்கிட்டே இருக்கும்" என்று. அதற்கும் அவள் தலையாட்டினாள், அவனுக்கு அப்போதே சிரிப்பு வந்திருக்க வேண்டும். ஆமாம், யானைதான். இல்லை, யானை என்றால் அப்படிப் பார்ப்பானா. ஹெலனிடம் கேட்டால் ஒரு நிமிஷத்தில் திருப்பிப் போட்டுக் காட்டுவாள். கேட்கலாம். எப்படிக் கேட்பது? ஹெலன், அவர் பேசினது என் காதில் விழவில்லை என்றா? மேலே அறையில் அத்தனை பேர், சீயக்காய்க்காரர் வேறு. நாளைக்கு ஊரெல்லாம் பரவும், மங்கை கேட்பதே இல்லையாம், எல்லாம் நடிப்பாம் என்று. மங்கையிடம் இருப்பது இந்த ஒரு பெயர்தான். வீடு, பேருந்து நிறுத்தம், இந்தப் புடவை எல்லாம் அந்தப் பெயர் போட்ட சோறு. கேட்கவேண்டாம். ஒளிபரப்பாகும்போது பார்த்துக்கொண்டால் ஆயிற்று. அவனும் பார்ப்பான். மலையில் மனைவியோடும் மகளோடும் உட்கார்ந்து பார்ப்பான். அவன் என்னவோ கேட்பான் திரையில், உடனே அவள் முகம் வரும், இப்போது எடுக்கப்போகிற இந்த முகம், இந்தக் காலி நாற்காலிக்குக் கொடுக்கப்போகிற முகம், அதைத்தான் அவன் பதில் என்று எடுத்துக்கொள்வான். என்ன கேட்டான் என்றே தெரியாமல் அவனுக்கு ஒரு பதிலைச் சொல்லிவிடப் போகிறாள். அவள் நாற்காலியைப் பார்த்தாள். மெத்தையில் அவன் உட்கார்ந்த பள்ளம் இன்னும் முழுசாக எழும்பவில்லை. கைப்பிடியில் அவன் விரல் பட்ட இடத்தில் மேக்கப் பவுடர் வெள்ளையாக ஒட்டியிருந்தது. எழுந்துபோய் அதைத் தொடவேண்டும்போல் இருந்தது. எழுந்தால் மடிப்புக் கலையும்.

"ரெடி மேடம். மூணாவது செக்மென்ட், அந்தக் கேள்விக்கான பதில். நீளமா ஒண்ணு வேணும். கண்ணு கொஞ்சம் கலங்கி, அப்புறம் ஒரு தலையாட்டல். ரோலிங்."

கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. கழுத்து அதன் பாட்டுக்கு ஆட ஆரம்பித்தது, அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாதி ஆடியதை அவள் பிடித்து நிறுத்தினாள்.

"ஹெலன்" என்றாள். "அவர் என்ன சொன்னாருன்னு எனக்குப் போடு."

"மேடம்?"

"நான் கேக்கல. நீ சீயக்காய் சொல்லிக்கிட்டிருந்த, நான் அதைக் கேட்டுக்கிட்டிருந்தேன். அவர் பேசினது ஒரு வார்த்தை என் காதுல விழல. போடு."

ஏணியடியில் முஸ்தபா தலையைக் குனிந்துகொண்டான். அவள் காதுக்குள் ஹெலன் குரல் போய், கரகரவென்று ஒரு சத்தம் வந்து, அவன் குரல் வந்தது. அவ்வளவு பக்கத்தில் அவன் குரலை அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

"கேக்காம விட்டதுன்னா... நான் கேட்டுட்டேன் மேடம். பதிலும் வந்துச்சு. அந்தப் பதில் நெசமான்னுதான் கேக்காம விட்டுட்டேன். சின்ன வயசுல ஒரு கேன்டீன்ல ஒரு பொண்ணுகிட்ட சொன்னேன். நான் மலைக்குப் போறேன், உனக்கு இங்க வேலை இருக்கு, ஒண்ணும் அவசரமில்ல, நீ வர்ற வரைக்கும் நான் காத்துக்கிட்டு இருக்கட்டுமான்னு. தலையாட்டினா. கண்ணெல்லாம் தண்ணி, அப்படி ஆட்டினா. நானும் போய்க் காத்துக்கிட்டு இருந்தேன். ரொம்ப நாள் கழிச்சு முகாமுக்கு ஒரு டிவி வந்துச்சு. போட்டா அந்தப் பொண்ணு. யாரு என்ன சொன்னாலும் அதே மாதிரி, கண்ணுல தண்ணியோட தலையாட்டிக்கிட்டு இருந்தா. அதுக்கப்புறமும் கொஞ்ச நாள் இருந்தேன்னு வைங்களேன். இப்ப வருத்தம் எல்லாம் ஒண்ணுமில்ல. வீட்டுல அவங்க இருக்காங்க, பாப்பா இருக்கா. சும்மா தெரிஞ்சுக்கத்தான். அரசி, அன்னைக்கு நான் சொன்னது உன் காதுல விழுந்துச்சா?"

அப்புறம் அவள் குரலே வந்தது, தேன் ஒழுக. எவ்வளவு பெரிய விஷயத்தை எவ்வளவு எளிமையா சொல்லிட்டீங்க! அப்புறம் அந்தச் சிரிப்பு. அப்புறம் பூங்கொடி சீயக்காய்த்தூள்.

கேட்டிருக்கிறான். கேட்டிருக்கிறான், அவள்தான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தலைக்குமேல் தன் கோணல் வகிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அவ்வளவு சந்தோஷமாகப் போனதற்கு அதுதான் காரணம். இவள் தலையாட்டியதைத் தூக்கிக்கொண்டு மலையேறிப் போய்த் தன் இளமைக்காலம் முழுக்க வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறான். அவன் அங்கே காத்திருக்க, இவள் இங்கே காத்திருக்க, ஒரு வார்த்தை கேட்டானா, ஒரு வார்த்தை கேட்டானா என்று இவள் இங்கே புலம்ப. அவளுக்கு அழுகை வந்தது, வரவழைக்காத அழுகை, மூக்கெல்லாம் ஒழுகி அசிங்கமாக வந்தது.

"மேடம்" என்றாள் ஹெலன், குரல் ஒருமாதிரி இருந்தது. "நான்தான் அப்ப குறுக்க பேசினேன்."

"கேமரா ஓடுதா?"

"ஓடுது மேடம். நிறுத்திரவா?"

"வேண்டாம்." அவள் மூக்கைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள், மடிப்பு கலைந்தது, கலையட்டும். நாற்காலியைப் பார்த்தாள். "இல்ல செழியா. விழல. உன் பின்னாடி சுவத்துல டிவி இருந்துச்சு, நான் அதுல என்னையே பாத்துக்கிட்டிருந்தேன். அதுக்குத்தான் தலையாட்டினேன். இன்னைக்கும் விழல." கைப்பிடியில் ஒட்டியிருந்த பவுடரைப் பார்த்தாள். "விழுந்திருந்தாலும் ஆட்டியிருப்பேன். கூடவே எந்திரிச்சு வந்திருப்பேன்."

யாரோ மேலே நாற்காலியை நகர்த்துகிற சத்தம் கேட்டது. "இதைப் போட்டா மேடம்..." என்று ஹெலன் இழுத்தாள். "நீங்க கேக்கறதில்லன்னு ஆயிடும். நிகழ்ச்சியே..."

"ஆகட்டும். இதைப் போடு. வேற எந்த ரியாக்‌ஷனும் வெக்காத. கடைசி வார்த்தையை மட்டும் எடுத்துடு, வந்திருப்பேன்னு சொன்னேன் பாரு, அது. அவங்க வீட்டுல ஒருத்தங்க உக்காந்து பாப்பாங்க."

"சரி மேடம்."

"இப்ப எனக்கு இன்னொரு தடவை போடு. நீ ஒண்ணும் பேசாத."

மறுபடியும் கரகரப்பு. மறுபடியும் அவன் குரல், கேக்காம விட்டதுன்னா என்று ஆரம்பித்து. சமையல்காரர்கள் அடுப்பைத் தூக்கிக்கொண்டு கதவருகே வந்துவிட்டார்கள், முஸ்தபா கையைக் காட்டி அவர்களை அங்கேயே நிறுத்தினான். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். தலை ஆடவில்லை.